மூன்று பெயரில் ஒரு கூரை

எங்கள் வீட்டுக் கரண்டு பில் செத்துப்போனவர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. அப்பா அய்யாக்கண்ணு போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியும் மாதாமாதம் அவர் பெயரை அச்சடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கட்டியது நான். பெயரை மாற்றலாமா என்று ஒரு தடவை கேட்டதற்கு அம்மா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். "அவரு பேருக்கு வர்றது இது ஒண்ணுதான். அதையும் நிறுத்தணுமா?" என்று அடுப்படியில் நின்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவும் போனார். அப்போதும் நான் மாற்றவில்லை.

எங்கள் ஆட்களில் பாதி வீடுகளில் இதே கதைதான். தண்ணி பில் தாத்தா பெயரில் வரும், கரண்டு பில் அப்பா பெயரில் வரும், வீட்டுப் பட்டாவான கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று பீரோவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பில்லைக் கட்டினோமா, விளக்கு எரிகிறதா, அவ்வளவுதான் எங்களுக்கு. இருக்கிறவர்கள் இருக்கிற இடத்தில் இருந்தால் காகிதம் எதற்கு என்கிற நினைப்பு. அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் பெயர் சந்திரிகா. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்று இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் நல்ல வேலையில் இருந்தேன். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனதும் வேலையை விட்டேன். அவரைப் பார்த்து முடித்தேன், பிறகு அம்மாவைப் பார்த்து முடித்தேன். தம்பி வாசு எங்கள் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி ஜுருவில் பழைய காடி, அதாவது கார், வாங்கி விற்கிறான். தங்கை துளசி கெப்பாலா பத்தாஸில் அரசாங்க ஆபீசில் இருக்கிறாள். இரண்டு பேரும் பெருநாளைக்கு வருவார்கள், பழம் வாங்கி வருவார்கள், அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்து "வீங்கியிருக்கே அக்கா, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் பாலம் நெரிசலாவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

வீடு கிரீன் லேனில், மாடியில்லாத வரிசை வீடு. அதன் பின்கட்டில்தான் என் பிழைப்பு. தோசை மாவு அரைத்து விற்கிறேன். பெரிய கிரைண்டர் மூன்று, பெட்டி மாதிரி படுத்திருக்கும் ஃப்ரீசர் இரண்டு. சுற்று வட்டாரத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் நீங்கள் சாப்பிடும் தோசை என் மாவாக இருக்கலாம். இந்தத் தொழிலை அடுக்குமாடியில் வைத்துச் செய்ய முடியாது. கிரைண்டர் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரன் முதல் நாளே புகார் எழுதுவான். அதனால் வீடு என்றால் எனக்குப் படுக்கிற இடம் மட்டும் இல்லை, சோறும் அதுதான். இது வாசுவுக்கும் தெரியும், துளசிக்கும் தெரியும்.

அம்மாவின் கருமாதி அன்று சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அது எங்கள் வழக்கம். போனவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த கையோடு, இருப்பவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார். அன்றும் கேட்டார். வாசு எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "வீடு அக்காவுக்குத்தான் மாமா. அப்பாம்மாவ அவங்கதான் பாத்தாங்க. நானும் துளசியும் ஒரு செங்கல் கேக்க மாட்டோம்" என்றான். துளசி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். பெரியவர்கள் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அத்தை அழுதேவிட்டார். நானும் அழுதேன். சபையில் சொன்ன வார்த்தை, அதற்கு மேல் என்ன வேண்டும்? அதை எழுதி வாங்க வேண்டும் என்று நினைப்பதே கேவலம் என்று வளர்க்கப்பட்டவள் நான். என்னை மாதிரி ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அம்மா போன பிறகு கடைகள் கூடின. கடை கூடினால் அரவை கூடும், அரவை கூடினால் பில் கூடும். ஒரு மாதம் பில்லைப் பார்த்துவிட்டு நான் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே போனேன். ஏர்கோன் அம்மா படுத்திருந்த அறையில் மட்டும்தான் இருந்தது, அதைத் துணி போட்டு மூடிவிட்டேன். ஃபேனைப் போடாமல் வியர்த்துக்கொண்டு தூங்கப் பழகினேன். என்ன செய்தும் பில் இறங்கவில்லை. ஃப்ரீசரை அணைக்க முடியுமா? மாவு புளித்துப் பொங்கித் தரையில் ஓடும்.

பக்கத்து வீட்டு நோர்மாதான் குகனை அனுப்பி வைத்தாள். அவர்கள் கூரையில் சோலார் போட்டவன் அவன். நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் பேச்சில் பொய் இல்லை. வந்த அன்றே ஒரு டிரோனைப் பறக்கவிட்டு எங்கள் கூரையை மேலிருந்து படம் பிடித்துக் காட்டினான். இத்தனை வருடம் அந்தக் கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன், அதன் முதுகை அன்றுதான் பார்த்தேன். பாசி பிடித்து, ஒரு மூலையில் யாரோ எறிந்த செருப்போடு கிடந்தது.

"அக்கா, தெக்க பாத்த கூரை. மரம் மறைக்கல, முன்னால உயரமா கட்டடமும் இல்ல. இத சும்மா வச்சிருக்கிறது பாவம்லா" என்றான் குகன்.

"பாவம் இருக்கட்டும் தம்பி. பில்லு எவ்ளோ கொறையும், அத சொல்லு."

"பகல்ல பேனல் குடுக்குற கரண்ட்ட நீங்க அரவைக்கு எடுத்துக்குறீங்க. மிஞ்சுறது லைன்ல வெளிய போவும். ராத்திரி ஃப்ரீசருக்கு நீங்க உள்ள எடுக்குறதுல அத கழிச்சிடுவாங்க. பத்து வருசத்துக்கு இந்தக் கணக்கு மாறாது. உங்க மாதிரி பகல்ல மெசின் ஓட்டுறவங்களுக்கு இது லாட்டரிலா. ஆனா ஒண்ணு, இந்த அரசாங்கத் திட்டம் வர்ற ஜூனோட மூடுது. அதுக்கு முன்னாலயே கோட்டா முடிஞ்சாலும் முடிஞ்சிடும்."

ஃபேக்டரி காலத்து ஈபிஎஃப் பணம் எடுக்காமல் கிடந்தது. அதைச் சாவுச் செலவுக்கு என்று வைத்திருந்தேன். சாவதற்குச் செலவழிப்பதை விட வெயிலுக்குச் செலவழிக்கலாம் என்று தோன்றியது. சரி என்றேன். குகன் பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அய்யாக்கண்ணு யாருக்கா?"

"எங்கப்பா."

"அவரு அடையாள கார்டு, ஐசி காப்பி ஒண்ணு வேணும். பாரத்துல அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"அவர வரச் சொல்றதுன்னா நான்தான் நேர்ல போயி கூப்பிடணும். கொஞ்சம் தூரம்" என்றேன்.

அவனுக்குப் புரிந்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். பிறகு விளக்கினான். கணக்கு உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் சம்மதம் எழுதித் தர வேண்டும். அப்பா பெயரில் இருக்கிற வீட்டை முதலில் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு நில அலுவலகத்தில் விசாரணை நடக்கும், வாரிசுகள் எல்லாரும் வந்து உட்கார வேண்டும். இப்போதே மனுப் போட்டால் ஜூனுக்குள் முடியலாம்.

அன்றே வாசுவுக்கு ஃபோன் போட்டேன். "போடுக்கா, நல்ல விசயம்தானே. நான் வரேன், எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு" என்றான். துளசி ஆபீசில் ஆளைப் பிடித்து மனுவைக்கூட அவளே தட்டிக்கொடுத்தாள். எனக்கு எவ்வளவு பெருமை! இப்படிப்பட்ட தம்பி தங்கை யாருக்குக் கிடைக்கும் என்று நோர்மாவிடம் வேலியோரம் நின்று பேசினேன். நோர்மா துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் வீட்டிலும் அண்ணன் தம்பிகள் உண்டு.

விசாரணைக்கு நாள் வந்தபோது கோட்டா முடியப் போகிறது என்று குகன் வாரம் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். நில அலுவலகத்து நடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நானும் வாசுவும் துளசியும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. உள்ளே போவோம், அவர்கள் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்வார்கள், வெளியே வந்து சாப்பிடப் போவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசு என் பக்கம் சாய்ந்தான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இப்போதைக்கு மூணு பேரு பேருலயும் இருக்கட்டுமே."

"ஏன்?"

"உனக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சின்னா? புள்ள குட்டி இல்ல. மறுபடியும் இதே அலைச்சல்தான் எங்களுக்கு. மூணு பேரு இருந்தா உனக்கும் பாதுகாப்பு. எவனாவது உன்ன ஏமாத்தி எழுதி வாங்கிடுவான்லா. பேருக்குத்தானேக்கா. வீடு உன்னுதுதான், யாரு இல்லன்னா?"

துளசி அந்தப் பக்கத்திலிருந்து, "அவன் சொல்றதும் சரிதான்க்கா. பேருக்குத்தானே" என்றாள். இருவரும் ஒரே மாதிரி 'பேருக்குத்தானே' என்றார்கள். வருகிற வழியில் காடியில் பேசி வைத்துக்கொண்டது என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

எனக்கும் புரிந்தது. புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை குட்டி இல்லை என்று அவன் சொன்ன இடத்தில் எனக்கு நெஞ்சு எரிந்தது. எழுந்து கத்தியிருக்க வேண்டும். சபையில் சொன்னாயே, அது என்ன ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் இன்று முடியாவிட்டால் அடுத்த தேதி எப்போது தருவார்களோ, ஜூன் போய்விடும், திட்டம் போய்விடும் என்ற ஒரே அவசரம் எனக்கு. உள்ளே மலாய்க்கார அதிகாரி அம்மா மரியாதையாக ஒவ்வொருவரையும் பார்த்து, மூன்று பேருக்கும் சம பங்கு, சம்மதமா என்று கேட்டார். வாசு சம்மதம் என்றான். துளசி சம்மதம் என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார். நானும் சம்மதம் என்றேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. கரண்டு பில்லைக் குறைப்பதற்காக நானே என் வாயால் வீட்டில் மூன்றில் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து வாசு ஒரு தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. வாசுவும் துளசியும் சம்மதக் கடிதம் கொடுத்தார்கள், கணக்கு என் பெயருக்கு மாறியது. கோட்டா மூடுவதற்குச் சற்று முன்னால் குகன் இடம் பிடித்துவிட்டான். ஆட்கள் வந்து பாசியைச் சுரண்டி, அந்தச் செருப்பை எடுத்து எறிந்து, பன்னிரண்டு பேனல் பொருத்தினார்கள். மீட்டரை மாற்றினார்கள். என் ஃபோனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான் குகன். வெயில் ஏற ஏற அதில் ஒரு பச்சைக் கோடு மலை மாதிரி எழும்பும், மேகம் வந்தால் பள்ளம் விழும்.

அந்தக் கோட்டின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. விடியற்காலையில் அரைத்துக்கொண்டிருந்தவள், அரவையை உச்சி வெயிலுக்கு மாற்றிக்கொண்டேன். அவசியமில்லை, ராத்திரி ஓட்டினாலும் கழித்துக்கொள்வார்கள் என்று குகன் சொன்னான். எனக்கு அது வேண்டாம். வெயில் மேலே சுள்ளென்று அடிக்கும்போது கீழே கிரைண்டர் சுற்ற வேண்டும், அதை நான் நின்று பார்க்க வேண்டும். இத்தனை வருடம் என் முதுகை எரித்த வெயில் இப்போது எனக்காக உளுந்து ஆட்டுகிறது என்று சிரிப்பு வரும். அம்மா அறையின் ஏர்கோன் மேல் போட்டிருந்த துணியை எடுத்துவிட்டு, மத்தியானம் அங்கே போய்க் குளிரக் குளிரப் படுத்தேன். முதல் மாத பில் வந்தபோது அதை நோர்மாவிடம் காட்டினேன், மாவு வாங்க வந்தவர்களிடம் காட்டினேன், கூரியர்காரனிடம்கூடக் காட்டினேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட வரவில்லை. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

வாசுவிடமும் ஃபோனில் காட்டிப் பீற்றிக்கொண்டேன். "பில்ல ஒரு படம் புடிச்சி அனுப்புக்கா" என்றான். அனுப்பினேன். "பேனலோட வீட்டு முகப்பையும் ஒண்ணு எடு. குகன் கிட்ட மேலருந்து எடுத்த படம் இருந்தா அதையும் வாங்கி அனுப்பு." எல்லாவற்றையும் அனுப்பினேன். தம்பி அக்காவை நினைத்துப் பெருமைப்படுகிறான் என்று இருந்தேன்.

ஒரு நாள் குகன் கூப்பிட்டான். நான் கையெல்லாம் மாவாக நின்றேன், ஃபோனை முழங்கையால் அமுக்கிப் பேசினேன்.

"அக்கா, வீட்ட விக்கிறீங்கன்னு சொல்லவே இல்லையே. சோலார் ஒப்பந்தத்த புதுசா வாங்குறவங்க பேருக்கு மாத்தணும்லா. கவலப்படாதீங்க, அத நான் பாத்துக்குறேன்."

"யாரு விக்கிறா?"

அவன் மெதுவாக, "விளம்பரம் பாத்தேன்க்கா. அது நான் எடுத்த படம். என் டிரோன் படம் எனக்குத் தெரியாதா?" என்றான்.

அவன் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். என் கூரை. என் பேனல்கள். கீழே கொட்டை எழுத்தில், சோலார் பொருத்திய வீடு, கரண்டு பில் மிக மிகக் குறைவு, ஆதாரம் உண்டு என்று போட்டிருந்தது. ஆதாரம் என்று நான் அனுப்பிய பில்லை ஒட்டியிருந்தார்கள். பெயரை மட்டும் கறுப்பால் மறைத்திருந்தார்கள். மறைத்திருந்தது என் பெயர். அப்பா பெயராக இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வரச் சொன்னேன். வந்தார்கள். வாசு உட்காரவில்லை.

"சொல்லத்தான் இருந்தோம்க்கா. வாங்குறதுக்கு ஆள் வந்தா சொல்லலாம்னு."

"சபையில என்னடா சொன்ன?"

"அன்னிக்கு நெலம வேற. அம்மா செத்த துக்கம். துக்கத்துல சொன்னதெல்லாம் புடிச்சி வச்சிப் பேசினா எப்படிக்கா?" என்றான். "ஜுருல யாவாரம் படுத்துப் போச்சி. ரெண்டு மாசமா ஒரு காடி நவரல. துளசி மவன் படிப்பு நடுவுல நிக்குது. நாங்க என்ன ஆடம்பரத்துக்கா கேக்குறோம்?"

"உன் பங்கு உனக்கு வந்துடும்க்கா. பாகான் டாலாம்ல நல்ல ஃபிளாட் வாங்கலாம். கோயில் பக்கம், நம்ம ஆளுங்க இருக்காங்க" என்றாள் துளசி.

"ஃபிளாட்ல கிரைண்டர எங்கடி வைப்பேன்?"

"இந்த வயசுல இன்னும் மாவாட்டணுமாக்கா? ரெஸ்ட் எடு."

அவள் கன்னத்தில் அறைந்திருப்பேன். அம்மா செத்த வீட்டில் கை நீட்டக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அவர்கள் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லலாம் என்றால், கையில் இருந்த கடைசிக் காசும் கூரை மேல் கிடக்கிறது. சம்மதிக்க மாட்டேன் என்றேன். கோர்ட்டுக்குப் போனால் விற்கச் சொல்லித்தான் உத்தரவு வரும், வக்கீல் செலவும் உன் பங்கில் கழியும் என்று வாசு பொறுமையாக விளக்கினான். காடி விற்கிறவன் குரல். வாங்க வந்தவன் முகம் சுளித்தால் எப்படிப் பேச வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். கெட்டவன் கூட இல்லை. கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன், அவ்வளவுதான்.

வாங்க வந்தவர்கள் இக்மல், அவன் மனைவி நூர் ஃபாத்திஹா. தமிழ் முஸ்லிம் பிள்ளைகள். அந்தப் பெண் மாசமாக இருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அக்கா, உள்ள வரலாமா?" என்று என்னைக் கேட்டாள். வாசுவைக் கேட்கவில்லை. அதற்காகவே அவளைப் பிடித்துப்போனது, பிடித்துப்போனதற்காக எரிச்சலும் வந்தது. வெறுத்துத் தொலைக்கக்கூட எனக்கு ஒரு நல்ல ஆள் கிடைக்கவில்லை.

அவர்கள் வருவதற்கு முன்பே நான் முடிவு செய்து வைத்திருந்தேன். இந்த வீட்டில் விலை பேச வாசுவிடம் இருப்பது ஒன்றுதான், அந்தக் கூரை. அதை நான் கெடுத்துவிட்டால் வியாபாரம் படியாது. இவர்கள் போனால் அடுத்தவன் வருவான், அவனிடமும் கெடுப்பேன். வாசு சலித்துப்போகும் வரை கெடுப்பேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஆனால் பழகிக்கொள்ளக் கூடாத வயதா இது?

வாசு அறை அறையாகக் காட்டினான். பின்கட்டில் கிரைண்டர்களைக் காட்டி, இதெல்லாம் எடுத்துவிடுவோம் என்றான். கூடத்துக்கு வந்து, தன் கடைசித் துருப்பை இறக்கினான். "முக்கியமானது மேல இருக்கு தம்பி. சோலார். இன்னும் ஒம்பது வருசத்துக்கு மேல ஒப்பந்தம் இருக்கு. பில்லுன்னு ஒண்ணு வரவே வராது. நான் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றேம்பீங்க. எங்கக்கா கிட்டயே கேளுங்க."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். வாசு சிரித்த முகமாக என்னைப் பார்த்தான். பேனலைப் பற்றிக் கேட்டால் அக்கா வாய் ஓயாமல் பெருமை பேசுவாள் என்று அவனுக்குத் தெரியும். வெளியே நல்ல வெயில். என் பையில் ஃபோன் இருந்தது, இந்நேரம் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று பார்க்காமலே தெரியும்.

"அதெல்லாம் சும்மா. ஏன் போட்டோம்னு இருக்கு" என்றேன். "மொத ரெண்டு மாசம் நல்லா ஓடிச்சி. அப்புறம் பில்லு பழையபடியே வருது. அஞ்சி பேனல் வேலையே செய்யல. ஆணி அடிச்ச எடத்துல ஓடு வேற வெடிச்சிப் போச்சி. மழ பெஞ்சா ஒழுகுது. பக்கெட்டு வச்சிப் புடிக்கிறேன்."

சொல்லச் சொல்ல எனக்கு நாக்கு கசந்தது. பெற்ற பிள்ளையை ஊரார் முன்னால் திருடன் என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஒரு நாள்கூட என்னை ஏமாற்றாதது இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

"என்னக்கா சொல்ற நீ!" என்றான் வாசு. துளசிக்கு முகம் வெளுத்துவிட்டது.

இக்மல் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. போகப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"நீங்க உண்மைய சொன்னதுக்கு ரொம்ப நன்றிக்கா" என்றாள் ஃபாத்திஹா. "ஆனா பரவால்ல. எங்களுக்கு அதுனால ஒண்ணும் இல்ல. நாங்க வாங்கின உடனே மேல ஒரு மாடி எடுக்கப் போறோம். இவரு வாப்பா உம்மாவும் எங்களோடதான் இருப்பாங்க. இந்தக் கூரைய எப்படியும் பிரிக்கணும். பேனல எறக்கி எங்க போடுறதுன்னுதான் வர்றப்ப பேசிக்கிட்டு வந்தோம்."

வாசு பெருமூச்சு விட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"அது உங்க காசுல போட்டதுன்னு வெளிய அந்த அக்கா சொன்னாங்க" என்று அவள் வேலிப் பக்கம் கை காட்டினாள். "அப்ப அது உங்களோடது. நீங்களே எடுத்துக்குங்கக்கா. நாங்க விலையில ஒரு காசு கொறைக்கச் சொல்ல மாட்டோம். எறக்குற கூலியும் நாங்க குடுத்துடுறோம்."

அவள் மனசறிந்து நல்லதுதான் செய்தாள். கடவுள் சாட்சியாக எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

"அதான் நியாயம்" என்றான் வாசு. அவனுக்கு உயிர் திரும்பியிருந்தது. என் தோளில் கை வைத்தான். "பேனலு மொத்தமும் அக்காவுக்குத்தான். நானும் துளசியும் அதுல பங்கு கேக்க மாட்டோம். இல்லையா துளசி?"

"ஆமாக்கா. எல்லாமே உனக்குத்தான்" என்றாள் துளசி. அவள் கண்கூடக் கலங்கியிருந்தது.

நான் அவன் கையை எடுத்துக் கீழே விட்டேன்.

"எடுத்துக்கிட்டுப் போயி எங்கடா வைக்கிறது?"

வாசு துளசியைப் பார்த்தான். துளசி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். இக்மல், அளவெடுக்கும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே போக ஏணி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான்.